கருப்பை, சினைப்பை நோய்களுக்கு நுண்துளை அறுவை சிகிச்சை: முதன்முறையாக முடிவெடுக்கும் பெண்களுக்கு

கருப்பையில் நார்க்கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு, கருப்பை இறக்கம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்காக அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்று முதன்முறையாகக் கேட்கும் பெண்களுக்காகவும், அவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்லும் உறவினர்களுக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வயிற்றை நீளமாகக் கிழிக்காமலேயே இந்த அறுவைகளில் பெரும்பாலானவற்றை இன்று செய்ய முடியும். வலி குறைவு, இரத்த இழப்பு குறைவு, காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறைவு, வீடு திரும்புவது விரைவு என்ற நன்மைகள் பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியானவை. ஆனால் வெளியே தெரியும் காயம் சிறியதாக இருப்பதால் உள்ளே நடக்கும் அறுவையும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. அகற்றப்படும் உறுப்பு அதேதான். அருகிலிருக்கும் குடலும் சிறுநீர்ப்பையும் அவைதான். ஆகவே எந்தக் கருவியால் செய்வது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, எதற்காகச் செய்வது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நோயின் பெயரையும் இடத்தையும் கேட்டறிதல்

“கட்டி இருக்கிறது” என்ற ஒற்றை வரியோடு மருத்துவரின் அறையை விட்டு வெளியே வராதீர்கள். நார்க்கட்டி எனில் அது கருப்பையின் உட்குழியை நோக்கிப் புடைத்திருக்கிறதா, தசைச்சுவருக்குள் புதைந்திருக்கிறதா, வெளிப்புறமாக வளர்ந்திருக்கிறதா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையின் வழியைப் பெரும்பாலும் இந்த இடமே தீர்மானிக்கிறது. உட்குழிக்குள் புடைத்த 2 சென்டிமீட்டர் கட்டி மிகுந்த உதிரப்போக்கை உண்டாக்கலாம். அதை வயிற்றில் ஒரு துளைகூட இல்லாமல் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிடலாம். வெளிப்புறமாக வளர்ந்த 6 சென்டிமீட்டர் கட்டி எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். அதைத் தொடாமல் கவனித்து வருவதே பல நேரங்களில் போதும்.

சினைப்பை நீர்க்கட்டி எனில் ஸ்கேனில் அது தெளிந்த நீர் நிரம்பிய எளிய கட்டியாகத் தெரிந்ததா, உள்ளே தடுப்புகளோ திடமான பகுதிகளோ இருந்தனவா என்று கேளுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் தோன்றும் சிறிய எளிய நீர்க்கட்டிகளில் பல, இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. திடமான பகுதி இருந்தால் அது முற்றிலும் வேறு பாதை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ஏற்படும் உதிரப்போக்கு, அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், காரணம் கண்டறியப்பட வேண்டியது. கருப்பையின் உட்சவ்வு புற்றுநோயற்றது என்று உறுதிப்படுத்தாமல் எந்த அறுவைத் திட்டத்திற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். 45 வயதைக் கடந்தவர்களுக்கு மாறுபட்ட உதிரப்போக்கு இருந்தாலும் உட்சவ்விலிருந்து சிறு மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது வழக்கமான முறையே. அதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கருப்பையை அகற்றும் தேதியைக் குறிப்பது சரியான வரிசை அல்ல.

அறுவையே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டல்

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் இதை வரவேற்பார். மிகுந்த உதிரப்போக்குக்கு டிரனெக்சாமிக் அமில மாத்திரைகளும், புரோஜெஸ்டிரான் வகை மருந்துகளும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கருப்பை வளையமும் உள்ளன. கருப்பையை அகற்ற வேண்டும் என்ற நிலையில் இருந்த பெண்கள் பலர் இந்த வளையத்தால் அந்த அறுவையைத் தவிர்த்திருக்கிறார்கள். நார்க்கட்டிக்குச் செல்லும் இரத்த நாளங்களைத் தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் மூலம் அடைத்துக் கட்டியைச் சுருங்கச் செய்யும் முறையும் உண்டு. இதைச் செய்பவர் கதிரியல் (ரேடியாலஜி) மருத்துவர் என்பதால், மகப்பேறு மருத்துவர் அதைத் தானாக எடுத்துச் சொல்லாமல் போகலாம், நீங்களே கேட்க வேண்டியிருக்கும். கருப்பை இறக்கத்திற்கு, பிறப்புறுப்பினுள் பொருத்தும் சிலிக்கோன் வளையம் பலருக்குப் போதுமானது.

உட்சவ்வைச் சூட்டினாலோ பிற ஆற்றலாலோ அழிக்கும் முறை, இனிக் குழந்தை வேண்டாம் என்று உறுதியாக முடிவுசெய்தவர்களுக்கு மட்டுமே உரியது. அதன்பின் கரு உண்டாவது கடினம். ஆனால் உண்டாகிவிட்டால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து மிகுதி என்பதால் அந்தப் பெண்களுக்குக் கருத்தடை தொடர்ந்து தேவை.

எந்த வழிகள் இருக்கின்றன

அறுவை தேவை என்று முடிவானபின், வழிகளை அறிந்துகொள்ளலாம்.

மிக எளியது ஹிஸ்ட்ரோஸ்கோபி. சில மில்லிமீட்டர் விட்டமுள்ள கேமராக் குழாயைப் பிறப்புறுப்பு வழியாகவும் கருப்பை வாய் வழியாகவும் உட்குழிக்குள் செலுத்தி, உப்புநீரால் குழியை விரித்து, பாலிப் (உட்சவ்விலிருந்து புடைக்கும் சிறு வளர்ச்சி), உட்குழி நார்க்கட்டி, பிறவியிலேயே அமைந்த தடுப்புச்சுவர், ஒட்டல்கள் (திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடங்கள்) ஆகியவற்றை நீக்குகிறார்கள். தோலில் வெட்டே கிடையாது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிறு பாலிப்புகளை முழு மயக்கமின்றியே எடுக்க முடியும். அந்த மாதத்தின் உதிரப்போக்கு முடிந்த சில நாட்களுக்குள், உட்சவ்வு மெலிந்திருக்கும்போது செய்தால் தெளிவாகத் தெரியும். உள்ளே செலுத்தும் நீரின் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று செவிலியர் கணக்கு வைப்பார். உப்புநீரில் அந்த வேறுபாடு 2,500 மில்லிலிட்டரை எட்டினால் அறுவையை அங்கேயே நிறுத்துவார்கள். பெரிய கட்டிக்கு இரண்டு அமர்வுகள் தேவைப்படலாம் என்று சொன்னால் அதன் காரணம் இந்தப் பாதுகாப்புதான்.

அடுத்தது, அதிகம் பேசப்படாத வழி: பிறப்புறுப்பு வழியாகவே கருப்பையை அகற்றுவது. இதற்கு வயிற்றில் துளை இல்லை, விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை. புற்றுநோயல்லாத காரணங்களுக்காகக் கருப்பையை அகற்றும்போது, இயலுமிடத்தில் இவ்வழியையே முதலில் கருத வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களின் அமைப்பான ஏசிஓஜி-யின் (ACOG) பரிந்துரை. கருப்பை இறக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது; அது சரியன்று. இறக்கம் இல்லாதவர்களுக்கும், முன்பு சிசேரியன் ஆனவர்களில் பலருக்கும், அனுபவமுள்ள மருத்துவர் இதைச் செய்ய முடியும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் “பிறப்புறுப்பு வழியாகவே எடுக்க முடியுமா, முடியாதெனில் ஏன்?” என்று கேளுங்கள். நான் இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், புதிய கருவிகளைப் பற்றிய பேச்சில் இந்தப் பழைய வழி மறைந்துபோகிறது என்பதுதான்.

மூன்றாவது லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் போடும் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவை. பொதுவாகத் தொப்புளில் ஒரு துளையும் அடிவயிற்றில் இரண்டு மூன்று துளைகளும் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை உப்பவைத்து, உறுப்புகளுக்கிடையே இடம் உண்டாக்குகிறார்கள். குடல் மேல்நோக்கி விலகுவதற்காகத் தலைப்பக்கம் தாழ்ந்திருக்குமாறு சாய்த்துப் படுக்கவைப்பார்கள். முழு மயக்கம் அவசியம். சினைப்பைக் கட்டி, கருக்குழாயில் தங்கிய கரு, எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, கருப்பை அகற்றல் எனப் பல நிலைகளுக்கு இது பயன்படுகிறது. இந்த நுட்பத்தை வளர்த்தவர்களில் மகப்பேறு மருத்துவர்களின் பங்கு பெரிது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் லேப்ராஸ்கோபி மூலம் முதன்முதலாகக் குடல்வாலை அகற்றிய குர்ட் செம் ஒரு மகப்பேறு மருத்துவர்தான். 1988இல் அமெரிக்காவில் ஹாரி ரைக் இவ்வழியில் கருப்பையை அகற்றினார்.

ரோபோ அறுவை என்பதும் துளைகள் வழியாகவே நடக்கும் லேப்ராஸ்கோபிதான். இயந்திரம் தானாக எதையும் செய்வதில்லை. அருகிலுள்ள கட்டுப்பாட்டு மேசையிலிருந்து மருத்துவர் கைகளை அசைக்க, கருவிகள் உள்ளே அசைகின்றன. முப்பரிமாணக் காட்சியும் மணிக்கட்டைப் போல் வளையும் கருவிகளும் சிக்கலான தையல்களுக்கும், உடல் எடை மிகுந்தவர்களுக்கான அறுவைக்கும் உதவுகின்றன. ஆனால் புற்றுநோயல்லாத சாதாரண நிலைகளில், தேர்ந்த கையால் செய்யப்படும் லேப்ராஸ்கோபியைவிட நோயாளிக்குத் தெளிவான கூடுதல் நன்மை நிறுவப்படவில்லை. செலவு மட்டும் கூடுகிறது. ரோபோ இல்லாத மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதால் குறைந்த தரத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

திறந்த அறுவையே சரியான விடையாக இருக்கும் இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 2018இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, ஆரம்பக் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையைச் சுற்றுத் திசுக்களோடு அகற்றும் அறுவையில், திறந்த முறையையும் நுண்துளை முறையையும் ஒப்பிட்டது. நாலரை ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். நுண்துளை முறை சமமாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருந்ததால், இந்த முடிவு உலகெங்கும் நடைமுறையை மாற்றியது. இந்த அறுவைக்கு இப்போது திறந்த முறையே தரமாகக் கொள்ளப்படுகிறது. கருப்பையின் உட்சவ்வில் தோன்றும் ஆரம்பக் கட்டப் புற்றுநோயின் நிலை வேறு. அதற்கு நுண்துளை வழியே விரும்பப்படுகிறது. ஆகவே “கருப்பைப் புற்றுநோய்” என்று மட்டும் கேட்டுக்கொள்ளாமல், வாயிலா உட்சவ்விலா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சினைப்பைக் கட்டியில் திடமான பகுதி இருந்து புற்றுநோய் ஐயம் எழுந்தால், அது வயிற்றுக்குள் உடையாமல் முழுதாக வெளிவர வேண்டும். கட்டி பெரியதாக இருந்து, சிறு துளை வழியாக எடுக்கையில் உடையக்கூடும் என்றால், நீண்ட வெட்டே பாதுகாப்பானது.

பெரிய நார்க்கட்டியைச் சிறு துளை வழியே வெளியே எடுக்க வேண்டுமெனில் அதைத் துண்டாக்கியே ஆக வேண்டும். நார்க்கட்டி என்று கருதப்பட்டது அரிதாகச் சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிட்டால், வயிற்றுக்குள் துண்டாக்கும்போது அது பரவிவிடக்கூடும். நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் மதிப்பிட்டு எச்சரித்தது. இதன்பின் கட்டியை ஒரு பைக்குள் அடைத்து, அதற்குள்ளேயே துண்டாக்கும் முறை வந்தது. உங்கள் கட்டியை எப்படி வெளியே எடுக்கப் போகிறார்கள், பை பயன்படுத்துவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் வளரும் கட்டியைத் துண்டாக்குவதை ஏற்க வேண்டாம்.

முன்பு பல அறுவைகள் ஆகி ஒட்டல்கள் மிகுந்திருப்பது, கருப்பை மிகவும் பெருத்திருப்பது, இதய நுரையீரல் நோயால் தலைசாய்ந்த நிலையையும் வாயு அழுத்தத்தையும் உடல் தாங்காதிருப்பது ஆகியவையும் திறந்த அறுவைக்குக் காரணமாகலாம். நுண்துளையில் தொடங்கிய அறுவை இடையில் திறந்த அறுவையாக மாறினால் அதைத் தோல்வியாகக் கருதக் கூடாது. இரத்தப்போக்கு அடங்காதபோதோ உறுப்புகள் தெளிவாகத் தெரியாதபோதோ வயிற்றைத் திறக்கும் மருத்துவர் உங்கள் உயிரைக் காக்கிறார். இதற்கான ஒப்புதலை முன்கூட்டியே மனப்பூர்வமாகத் தந்துவிடுங்கள்.

எது எடுக்கப்படும், எது இருக்கும்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நான்கு உறுப்புகளைத் தனித்தனியே பேசிக்கொள்ள வேண்டும்: கருப்பையின் உடல், கருப்பை வாய், கருக்குழாய்கள், சினைப்பைகள். “எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்” என்ற பொதுப்பேச்சு இங்கே போதாது. மாதவிடாய் நிற்கும் முன் இரு சினைப்பைகளையும் எடுத்தால், உடல் வெப்பம் பொங்குதல், உறக்கக் குறைவு ஆகியவை உடனே தொடங்குவதோடு, எலும்புத் தேய்மானமும் இதய நோயும் வரும் வாய்ப்பும் காலப்போக்கில் கூடுகிறது. மரபணு வழியாகப் புற்றுநோய் ஆபத்து உள்ளவர்கள் போன்ற தெளிவான காரணம் இருந்தாலன்றி, நலமான சினைப்பைகளை விட்டுவைப்பதே நல்லது. கருக்குழாய்களின் நிலை இதற்கு மாறானது. சினைப்பைப் புற்றுநோய்களில் பல கருக்குழாயின் நுனியில் தொடங்குவதாகத் தெரியவந்திருப்பதால், கருப்பையை அகற்றும்போது குழாய்களையும் சேர்த்து எடுப்பது இன்று பரவலான நடைமுறை.

குழந்தைப்பேறு வேண்டுபவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் கட்டியைச் சினைப்பையிலிருந்து உரித்தெடுக்கும்போது நலமான முட்டைத் திசுவும் சிறிது போய்விடுகிறது. இரு பக்கமும் கட்டி இருந்தால் அறுவைக்கு முன்பே முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்து, கருத்தரிப்பு மருத்துவருடனும் பேசிய பின்னரே முடிவெடுப்பது சாலச் சிறந்தது.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, இதே அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார், அவற்றில் எத்தனை திறந்த அறுவையாக மாறின, சிறுநீர்க்குழாயோ குடலோ காயப்பட்டால் உதவ அந்தத் துறை மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லும் விதம் உங்களுக்கு அதிகம் தெரிவிக்கும்.

முன்னேற்பாடுகள்

உதிரப்போக்கால் இரத்தசோகை வந்திருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை, தேவையெனில் இரத்த நாளம் வழியாக ஏற்றும் இரும்பு மருந்து ஆகியவற்றை வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைத்துக்கூட இதைச் செய்யலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை என எடுத்துக்கொள்ளும் அனைத்தையும் பட்டியலிட்டு மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிடுங்கள். அறுவைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து திட உணவும், 2 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் கூடாது என்பது பொதுவிதி. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அடிவயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். அதனால் உண்டாகும் நுண்கீறல்கள் தொற்றுக்கு இடம்கொடுக்கும்.

அறுவைக்குப் பின்

கண்விழித்ததும் பலரை அச்சுறுத்துவது தோள்வலி. வயிற்றில் எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், அதே நரம்புத் தொடர்புள்ள தோளில் அந்த வலி உணரப்படுகிறது. இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். அன்றே எழுந்து சில அடிகள் நடப்பது வாயுவுக்கும் நல்லது, கால் நாளங்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கவும் உதவும்.

ஹிஸ்ட்ரோஸ்கோபிக்குப் பின் ஓரிரு நாட்களிலும், சினைப்பைக் கட்டிக்கான லேப்ராஸ்கோபிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு வாரங்களிலும், நுண்துளை வழியில் கருப்பை அகற்றியபின் மூன்று முதல் ஆறு வாரங்களிலும் பெரும்பாலோர் வழக்கமான வேலைக்குத் திரும்புகிறார்கள். வயிற்றின் தழும்புகள் ஆறிவிட்டதால் உடல் முழுதும் ஆறிவிட்டது என்று வீட்டார் நினைப்பதுண்டு. கருப்பை வாயையும் சேர்த்து அகற்றியவர்களுக்குப் பிறப்புறுப்பின் மேல்முனையில் உள்தையல் இருக்கிறது. அது வலுப்பெற வாரங்கள் ஆகும். அதற்குள் கனமான பொருள் தூக்கினாலோ உடலுறவு கொண்டாலோ அந்தத் தையல் பிரியும் அபாயம் உண்டு. குறைந்தது 6 முதல் 8 வாரங்கள், சில மருத்துவர்களின் அறிவுரைப்படி 12 வாரங்கள் வரை, உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதைக் கணவரிடம் மருத்துவரே நேரில் சொல்வது நல்லது.

நுண்துளை அறுவைக்குப் பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றேனும் நலமாக இருக்க வேண்டும். வலி குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டே போனால், அதுவே முதல் எச்சரிக்கை. வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஆகியவை குடல் காயத்தைக் காட்டலாம். மின்சூட்டால் ஏற்பட்ட காயம் பல நாட்கள் கழித்துக்கூட வெளிப்படும். விலாப்பக்க வலி, பிறப்புறுப்பு வழியாக நீராக ஒழுகுதல் ஆகியவை சிறுநீர்க்குழாய் அல்லது சிறுநீர்ப்பைக் காயத்தின் அறிகுறிகள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவை செய்த மருத்துவமனையின் இரவு நேரத் தொலைபேசி எண்ணை வீடு திரும்பும் முன்பே வாங்கி வைத்திருங்கள்.

மறுபரிசோதனைக்குச் செல்லும்போது திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறுவைக் குறிப்பின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். எந்த உறுப்பு எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவருக்குத் தேவைப்படும். கருப்பை வாயை விட்டுவைத்தவர்களுக்கு அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை முன்போலவே தொடர வேண்டும். கருப்பைச் சுவரிலிருந்து நார்க்கட்டியை அகற்றியவர்கள் அடுத்துக் கருத்தரிக்கும் முன் மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது வழக்கம். வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தது, பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்க வேண்டுமா என்பதையும் அந்த மறுபரிசோதனையிலேயே கேட்டு, அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.